அரசர்களும் அவை ஓவியர்களும்: குறுக்கெழுத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் முக்கால்வாசிக் கட்டம் நிரம்பிய பிறகு "முதலாம் சார்லஸின் ஓவியர்", "எட்டாம் ஹென்றியின் ஐந்தாவது மனைவி" என்று ஏதாவது ஒரு குறிப்பு வந்து ஒரு மூலையையே அடைத்துக்கொண்டு நிற்கும். சிலேடையையும் எழுத்துக் கலைப்பையும் சுலபமாகப் பிரித்துவிடுகிறவர்கள்கூட அரச வரலாறு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. இந்த வட்டாரத்தில் வருகிற பெயர்கள் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப அவைதான் வரும். பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எழுத்து எண்ணிக்கை என்று நான் சொல்வதெல்லாம், குறிப்புக்குப் பின் அடைப்புக்குறியில் வரும் எண்ணும் சேர்த்து, ஆங்கில எழுத்துக்கூட்டல்படி. தமிழ்ப் புதிருக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

"அவை ஓவியர்" என்று குறிப்பு வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

அரசரிடமிருந்து. ஓவியர் பெயரை நேரடியாக யோசித்தால் உலகத்தில் உள்ள எல்லா ஓவியர்களும் மண்டைக்குள் வந்து நிற்பார்கள், ஒருவரும் கட்டத்துக்குள் உட்கார மாட்டார். குறிப்பில் எந்த நாடு, எந்த அரசர், எந்த நூற்றாண்டு என்பதற்கு ஒரு நூல் கட்டாயம் இருக்கும், அதைப் பிடியுங்கள். அவை ஓவியர் என்பது ஒரு வேலை. சம்பளம், பதவிப் பெயர், அரண்மனையில் இடம் எல்லாம் உண்டு. அதனால் ஒரு அரசருக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர்தான் புதிர்களில் வருவார்கள்.

இங்கிலாந்து என்றால் எட்டாம் ஹென்றிக்கு ஹோல்பைன், முதலாம் எலிசபெத்துக்கு ஹில்லியார்ட், முதலாம் சார்லஸுக்கு வான் டைக், இரண்டாம் சார்லஸுக்கு லீலி, அவருக்குப் பின் பல ஆட்சிகளைத் தாண்டி நின்ற நெல்லர், மூன்றாம் ஜார்ஜுக்கு ராம்சே, அப்புறம் ரெனால்ட்ஸ், லாரன்ஸ். விக்டோரியா ராணிக்குப் பிடித்தவர்கள் வின்டர்ஹால்ட்டரும் லேண்ட்சீரும். ஸ்பெயின் என்றால் மூன்றே பெயர்: ஐந்தாம் சார்லஸுக்கும் அவர் மகன் இரண்டாம் பிலிப்புக்கும் டிஷியன், நான்காம் பிலிப்புக்கு வெலாஸ்கஸ், நான்காம் சார்லஸுக்கு கோயா. பிரான்ஸில் முதலாம் பிரான்சிஸுக்கு க்ளூவே, பதினான்காம் லூயிக்கு லெ ப்ரன், ரிகோ, பதினைந்தாம் லூயிக்கு பூஷே, மாரி அன்டோனெட்டுக்கு விஜே லெ ப்ரன், நெப்போலியனுக்கு டேவிட். மொத்தம் இருபது பெயர்கூட இல்லை. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் நிற்காது, அரசரோடு ஜோடியாக வைத்துக்கொண்டால் நிற்கும்.

எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளில் எனக்கு எப்போதும் குழப்பம். வழி உண்டா?

உண்டு, கட்டத்துக்குள்ளேயே உண்டு. வரிசை இதுதான்: அரகானின் கேத்தரின், ஆன் பொலின், ஜேன் சீமோர், கிளீவ்ஸின் ஆன், கேத்தரின் ஹோவர்ட், கேத்தரின் பார். அவர்கள் கதி வரிசையாக: விலக்கு, தலைவெட்டு, மரணம், விலக்கு, தலைவெட்டு, கடைசியவர் கணவனைத் தாண்டி வாழ்ந்தார். மூன்று கேத்தரின், இரண்டு ஆன், ஒரு ஜேன். இதனால்தான் முதல் பெயரைக் கேட்காமல் குடும்பப் பெயரையோ ஊர்ப் பெயரையோ கேட்கிறார்கள்.

இனி எழுத்தைப் பாருங்கள். பார் என்பதற்கு 4 கட்டம், சீமோருக்கு 7. மிச்சம் நான்கு பேருக்கும், அதாவது அரகான், பொலின், கிளீவ்ஸ், ஹோவர்ட் எல்லாவற்றுக்கும், சரியாக 6 கட்டம். இந்த நான்கில்தான் ஆட்கள் தடுமாறுவது. ஆனால் குறுக்கே போகும் சொல்லிலிருந்து ஐந்தாவது எழுத்து ஒன்று கிடைத்தாலே போதும், நான்கிலும் அது வேறு வேறு: ஒய் என்றால் பொலின், ஓ என்றால் அரகான், இ என்றால் கிளீவ்ஸ், ஆர் என்றால் ஹோவர்ட். முதல், மூன்றாம், நான்காம் எழுத்துகளும் இப்படியே தனித்துக் காட்டிவிடும். ஏமாற்றக்கூடியவை இரண்டுதான். கடைசி எழுத்து என் என்று வந்தால் அரகானா பொலினா என்ற சந்தேகம் நிற்கும். இரண்டாவது எழுத்து ஓ என்று வந்தால் பொலினா ஹோவர்ட்டா என்று நிற்கும், அந்த இருவருமே தலை வெட்டப்பட்டவர்கள் என்பதால் "கொல்லப்பட்ட ராணி (6)" என்று மட்டும் குறிப்பு இருந்தால் இன்னொரு எழுத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. பேனாவில் போடுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம்.

வான் எய்க், வான் டைக்: இந்த இருவரையும் எப்படிப் பிரிப்பது?

இது நியாயமான புகார். இரண்டுக்கும் குறிப்பில் (3,4) என்றுதான் இருக்கும், அதாவது மூன்றெழுத்து ஒன்றும் நான்கெழுத்து ஒன்றுமாக இரண்டு சொல். ஏழு எழுத்தில் ஆறு ஒன்றேதான், நான்காவது கட்டம் மட்டும் ஒருவருக்கு இ, இன்னொருவருக்கு டி. அந்தக் கட்டத்தில் குறுக்குச் சொல் போகவில்லை என்றால் கட்டம் உங்களுக்கு உதவாது, வரலாறுதான் உதவ வேண்டும்.

யான் வான் எய்க் 15ஆம் நூற்றாண்டுக்காரர். 1425இல் பர்கண்டி கோமகன் நல்ல பிலிப்பின் அவைக்குப் போனவர். பர்கண்டி, கோமகன், 1434 என்ற ஆண்டு போட்ட ஆர்னோல்ஃபினி தம்பதியர் படம், இப்படி ஏதாவது குறிப்பில் இருந்தால் அவர்தான். அந்தோனி வான் டைக் 17ஆம் நூற்றாண்டு. 1599இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்து, 1632இல் லண்டன் வந்து, முதலாம் சார்லஸிடம் சர் பட்டம் வாங்கி, 1641இல் அங்கேயே இறந்தார். தாடி என்று ஒரு சொல் குறிப்பில் எட்டிப் பார்த்தாலும் இவர்தான், கூர்மையான குறுந்தாடிக்கு இவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தத் தாடி மட்டும் ஒரே சொல்லாக, 7 எழுத்தாக, கடைசியில் கே, இ என்று முடியும். குறிப்பில் (7) என்று இருந்தால் தாடி, (3,4) என்று இருந்தால் ஆள்.

எந்தெந்த ஓவியங்களை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

நிறைய வேண்டாம், ஆனால் தெரிந்த சிலவற்றைக் கதையோடு தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரை விடக் கதைதான் குறிப்பாக வரும்.

ஹோல்பைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1533இல் அவர் வரைந்த தூதர்கள் படத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் நிற்க, தரையில் கோணலாக ஏதோ ஒன்று கிடக்கும், பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் அது மண்டையோடு. 1539இல் ஹென்றிக்குப் பெண் பார்க்க அவரையே அனுப்பினார்கள், கிளீவ்ஸின் ஆனை வரைந்து கொண்டுவந்தார், 1540 ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் ரத்து. அந்தக் கல்யாணத்தை ஏற்பாடு செய்த தாமஸ் குரோம்வெல்லின் தலை அதே மாதத்தில் போயிற்று. ஓவியருக்கு எதுவும் ஆகவில்லை. மண்டையோடு, தூதர், மணப்பெண், கிளீவ்ஸ் என்ற நான்கு சொற்களில் எது வந்தாலும் (7) என்றால் ஹோல்பைனை நினைத்துப் பாருங்கள்.

வான் டைக் முதலாம் சார்லஸை ஒரே துணியில் மூன்று கோணத்தில் வரைந்தார், நேராக, பக்கவாட்டில், முக்கால் பக்கமாக. காரணம், ரோமில் இருந்த சிற்பி பெர்னினி அதைப் பார்த்துப் பளிங்கில் ராஜாவின் தலையைச் செதுக்க வேண்டும். செதுக்கியும் அனுப்பினார். அந்தச் சிலை இப்போது இல்லை, 1698இல் வைட்ஹால் அரண்மனை எரிந்தபோது போய்விட்டது. அதே தீயில்தான் 1537இல் ஹோல்பைன் சுவரில் தீட்டிய ஹென்றியின் பெரிய ஓவியமும் அழிந்தது. கால் அகட்டி, இடுப்பில் கை வைத்து நிற்கும் ஹென்றி என்று நாம் இன்று மனதில் வைத்திருக்கும் உருவம் அந்தச் சுவரிலிருந்து எடுத்த பிரதிகள் வழியாக வந்ததுதான். தப்பியது விருந்து மண்டபம். அதன் கூரையில் இருப்பவை ரூபன்ஸின் ஓவியங்கள், சார்லஸ் தன் அப்பாவின் பெருமைக்காகச் செய்வித்தது. 1649 ஜனவரி 30 அன்று அதே மண்டபத்தின் வெளியே மேடை போட்டு சார்லஸின் தலையை வெட்டினார்கள். இந்த ஒரு கட்டடத்தின் கதையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வைட்ஹால், ரூபன்ஸ், பெர்னினி, ஹோல்பைன், சார்லஸ் என்று ஐந்து விடை கையில் இருக்கிறது.

ஸ்பெயினில் ஒன்று போதும், வெலாஸ்கஸின் லாஸ் மெனினாஸ். 1656, மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம். நடுவில் குட்டி இளவரசி மார்கரிட்டா, சுற்றிலும் தோழிப் பெண்கள், ஒரு நாய், பின்சுவரில் உள்ள கண்ணாடியில் ராஜா ராணி, இடப்பக்கம் தூரிகையோடு ஓவியரே. அவர் மார்பில் உள்ள சிவப்புச் சிலுவை சாந்தியாகோ வீரர் குழுவின் சின்னம், அதில் அவர் சேர்ந்ததே 1659இல், ஆகவே அது பிறகு சேர்த்தது. ஸ்பானிய இளவரசிக்கான சொல் இன்ஃபான்டா, 7 எழுத்து, குறுக்கெழுத்துக்காரர்களுக்கு மிகவும் பிடித்த சொல். அதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெலாஸ்கஸின் பெயரில் 9 எழுத்து, இரண்டு இசட், ஒரு க்யூ. இந்த எழுத்துகள் ஒரு மூலையில் முளைத்தால் அவரைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

கிரிப்டிக் புதிரில், அதாவது குறிப்பே சொல் விளையாட்டாக இருக்கும் புதிரில், "ராஜா", "ராணி", "ஓவியர்" என்று வந்தால் யாரை நினைப்பது?

பெரும்பாலும் யாரையும் இல்லை, ஒரு எழுத்தை அல்லது இரண்டு எழுத்தை. லத்தீனில் ராஜா ரெக்ஸ், ராணி ரெஜினா, இரண்டுக்குமே ஆர். சதுரங்கத்திலும் சீட்டுக்கட்டிலும் ராஜா கே, ராணி க்யூ. ராணி என்றால் இ.ஆர். ஆகவும் இருக்கலாம், எலிசபெத்தின் முத்திரை. விக்டோரியாவுக்கு வி.ஆர்., ஜார்ஜ்களுக்கு ஜி.ஆர்., மாட்சிமை என்றால் எச்.எம். பிரெஞ்சு ராஜா என்றால் ருவா, அதாவது ஆர், ஓ, ஐ. ஸ்பானிய ராஜா ரே, ஆர், இ, ஒய்.

ஓவியர் என்று பொதுவாகச் சொன்னால் முதலில் ஆர்.ஏ. போட்டுப் பாருங்கள். 1768இல் மூன்றாம் ஜார்ஜின் ஆதரவில் தொடங்கிய ராயல் அகாடமியின் உறுப்பினர் என்பதன் சுருக்கம் அது. அதன் முதல் தலைவர்தான் மேலே சொன்ன ரெனால்ட்ஸ்.

நான்கெழுத்து ராஜாக்களில் இருவர் ஓயாமல் வருவார்கள்: நாடகத்து ராஜா லியர், மெர்சியா என்ற பழைய ஆங்கில ராஜ்யத்தின் ஆஃபா. லியர் என்பதை "ஓவியர்" என்ற குறிப்புக்கும் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. எட்வர்ட் லியர் 1846இல் விக்டோரியா ராணிக்கே ஓவியம் கற்றுக்கொடுத்தவர்.

ஓவியர் பெயரையே உடைத்து விளையாடுவார்களா?

இந்த வட்டாரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அரண்மனை ஓவியர்கள் பலருடைய பெயர்கள் ஆங்கிலத்தில் இரண்டு சாதாரணச் சொற்களாக அப்படியே பிரியும்.

ராம்சே: ராம் என்றால் ஆட்டுக்கிடா, சே என்றால் சொல். "கிடா பேசினால் மூன்றாம் ஜார்ஜின் ஓவியர் (6)". வின்டர்ஹால்ட்டர்: வின்டர் குளிர்காலம், ஹால்ட்டர் குதிரையின் தலையில் கட்டும் கயிறு, மொத்தம் 12. அவர் 1855இல் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியைத் தோழிகளோடு வரைந்தவர், ஐரோப்பாவின் பாதி அரண்மனைகளில் அவர் கை இருந்தது. லேண்ட்சீர்: லேண்ட் நிலம், சீர் என்றால் வருவதைக் காண்பவர், 8 எழுத்து. டிராஃபல்கர் சதுக்கத்துச் சிங்கங்களும் அவருடையவையே, ஆகவே சிங்கம் என்று வந்தாலும் அவர்தான்.

நெல்லர் இன்னும் அழகு. எழுத்தில் கே முன்னால் நிற்கும், ஒலிக்காது. நெல் என்றால் சாவுமணி, அதற்குப் பின் இ.ஆர். என்ற ராணி. "சாவுமணிக்குப் பின் ராணி, பல ஆட்சி கண்ட ஓவியர் (7)". லீலியைச் சொல்லுக்குள் ஒளிப்பார்கள். "மட்டுமே" என்று பொருள் தரும் சோல்லி என்ற ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள்: எஸ், ஓ, எல், இ, எல், ஒய். முதல் இரண்டை மூடினால் மிச்சம் லீலி.

இரட்டைப் பொருள் குறிப்புகளில் இரண்டு அருமையானவை உண்டு. "ராஜாவும் ஓவியரும் (5)" என்றால் டேவிட்: விவிலியத்து அரசர் தாவீதும் அவரே, நெப்போலியன் 1804 டிசம்பர் 2 அன்று நோத்ர தாமில் முடிசூடியதை வரைந்தவரும் அவரே. "அரச வம்சமும் வாஷிங்டனை வரைந்தவரும் (6)" என்றால் ஸ்டூவர்ட். கில்பர்ட் ஸ்டூவர்ட் அமெரிக்கர், பெயர் மட்டும் ராஜ குடும்பத்துப் பெயர்.

வம்சங்களின் காலம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

இங்கிலாந்துக்கு ஐந்து ஆண்டுகள் போதும். 1485 டியூடர் தொடக்கம், 1603 ஸ்டூவர்ட், 1714 ஹனோவர், 1901 சாக்ஸ்-கோபர்க், 1917 வின்ட்சர். ஹனோவரும் வின்ட்சரும் இரண்டுமே 7 எழுத்து, மூன்றாவது எழுத்து என், கடைசி எழுத்து ஆர் என்பதும் இரண்டிலும் ஒன்றே, அதனால் வேறு ஒரு எழுத்தாவது வராமல் எழுத வேண்டாம். பழைய அரசர்களுக்கு 1066 ஹேரல்ட், அவரை வென்ற வில்லியம். ஒன்பதே நாள் ராணி என்றால் 1553இன் ஜேன் கிரே, 4 எழுத்து. ஸ்பெயினில் 1700தான் கோடு: அதற்கு முன் ஹாப்ஸ்பர்க், ஆகவே வெலாஸ்கஸ், அதற்குப் பின் போர்போன், ஆகவே கோயா.

ரஷ்யப் பேரரசர், அரபு இளவரசர், இந்திய ராணி: இவற்றுக்கு எழுத்துக்கூட்டலே நிலையாக இல்லையே?

இல்லைதான். ரஷ்யப் பேரரசருக்கான ஜார் என்ற சொல் டி, எஸ் என்றும் தொடங்கலாம், சி, இசட் என்றும் தொடங்கலாம். கடைசி இரண்டு எழுத்து எப்படியும் ஏ, ஆர். அவற்றை மட்டும் எழுதிவிட்டுக் குறுக்குச் சொல்லுக்குப் போங்கள். அரபு இளவரசரான எமிர் நான்கு எழுத்திலும் வரும், ஐந்திலும் வரும். ராணி நான்கிலும் ஐந்திலும், ராஜா அப்படியே.

அரசர் கதையை வரைந்தவர் எல்லோரும் அவை ஓவியரா?

இல்லை, நிறையப் பேர் விழுகிற குழி இது. ஜேன் கிரே கண்ணைக் கட்டிக்கொண்டு தலை வைக்க மரக்கட்டையைத் தேடித் தடவுகிற அந்தப் பிரபலமான படத்தைப் பார்த்தால் யாரோ பக்கத்தில் நின்று வரைந்த மாதிரி இருக்கும். வரைந்தவர் பிரெஞ்சுக்காரர் டெலாரோஷ், ஆண்டு 1833. ஜேன் இறந்து ஏறக்குறைய 280 வருடத்துக்குப் பிறகு. லண்டன் கோபுரத்தில் அடைபட்ட இரண்டு சிறுவர் இளவரசர்களை மில்லே வரைந்தது 1878இல். அந்தச் சிறுவர்கள் காணாமல் போனது 1483இல். இவர்கள் வரலாற்று ஓவியர்கள். புதிர் போடுபவர் ஒழுங்கானவர் என்றால் "அவை ஓவியர்" என்று இவர்களைச் சொல்ல மாட்டார், "ஜேனை வரைந்தவர்" என்பார். "அவையில் இருந்தவர்" என்பதும் "வரைந்தவர்" என்பதும் குறிப்பில் வேறு வேறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல் கிரெக்கோவும் இந்தக் குழிதான். (2,5) என்று பார்த்ததும் ஸ்பானிய அவை ஓவியர் என்று போடத் தோன்றும், ஆனால் இரண்டாம் பிலிப்புக்கு அவர் படம் பிடிக்கவில்லை, அவருடைய மிச்ச வாழ்க்கை டொலேடோவிலேயே போயிற்று.

பெண் அவை ஓவியர்கள் புதிரில் வருவார்களா?

வருவார்கள், வர வேண்டிய அளவுக்கு இன்னும் வருவதில்லை. மூவரைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சோஃபோனிஸ்பா அங்கிசோலா (10), இத்தாலியர், இரண்டாம் பிலிப்பின் ராணி எலிசபெத்துக்குத் தோழியாகவும் ஓவிய ஆசிரியையாகவும் ஸ்பெயின் போனவர். அரண்மனையில் பெண் ஒருவர் இருக்க "ஓவியர்" என்ற பதவியைவிடத் "தோழி" என்ற பதவிதான் அன்று வழி என்பதைக் கவனியுங்கள், குறிப்பும் அப்படியே வரும். லெவினா டீர்லிங்க், ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்து ஹென்றி முதல் எலிசபெத் வரை டியூடர் அவையில் சிற்றோவியம் வரைந்தவர். எலிசபெத் விஜே லெ ப்ரன், 1783இல் மாரி அன்டோனெட்டை மெல்லிய வெள்ளைப் பருத்தி உடையில் வரைந்து காட்சிக்கு வைக்க, ராணியை உள்ளாடையோடு வரைந்துவிட்டார் என்று பாரிஸ் கொந்தளித்தது. படத்தை எடுத்துவிட்டு, அதே ராணி அதே ரோஜாவோடு நீலப் பட்டில் நிற்கும் இன்னொரு படத்தை வைத்தார்கள். புரட்சி வந்த 1789இல் அவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

பதினான்காம் லூயியின் லெ ப்ரன் வேறு ஆள் என்பதை மறக்க வேண்டாம். வெர்சாயில் கண்ணாடி மண்டபத்தின் கூரை அந்தச் சார்ல்ஸ் லெ ப்ரனுடையது, கட்டத்தில் (2,4).

முகலாய ஓவியர்களும் வருவதுண்டா?

உண்டு, இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. ஹுமாயூனோடு பாரசீகத்திலிருந்து வந்த மீர் சையத் அலியும் அப்துஸ் சமதும் தொடக்கம். அக்பர் காலத்தில் பசாவன், தஸ்வந்த். ஜஹாங்கீர் காலத்தில்தான் பெயர்கள் பளிச்சென்று வருகின்றன: அபுல் ஹசன், மன்சூர், பிஷன்தாஸ், பிசித்ர். பிஷன்தாஸ் என்றால் "பாரசீகத்துக்குத் தூதுக்குழுவோடு போய் ஷா அப்பாஸை வரைந்தவர்". மன்சூர் என்றால் விலங்கு, பறவை. 1621இல் ஜஹாங்கீரிடம் ஒரு வரிக்குதிரையைக் கொண்டுவந்தபோது, அதன் கோடுகள் சாயம் பூசியவையோ என்று சிலர் சந்தேகப்பட்டார்களாம், ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பிலேயே அதை எழுதியிருக்கிறார். அந்த வரிக்குதிரையை வரைந்தவர் மன்சூர், படம் இப்போது லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். பிசித்ரின் படம் ஒன்றில் ஜஹாங்கீர் ஒரு சூஃபிப் பெரியவருக்குப் புத்தகம் தருவார், கீழே வரிசையில் நிற்பவர்களில் இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸும் ஒருவர். ஸ்டூவர்ட் ராஜாவும் முகலாயப் பேரரசரும் ஒரே காகிதத்தில் இருக்கும்போது புதிர் போடுபவருக்கு வேறென்ன வேண்டும்!

தமிழ்க் குறுக்கெழுத்தில் இது எப்படி மாறும்?

கட்டமே மாறுகிறது. ஒரு கட்டத்தில் ஒரு முழு எழுத்து, புள்ளி வைத்த மெய்க்குத் தனிக் கட்டம். அதனால் பட்டப் பெயர்கள்தான் தமிழ்ப் புதிரின் பலம். ஓவியரே அரசராக இருந்த கதையும் நம்மிடம் இருக்கிறது: "ஓவியத்தில் புலியான பல்லவன் (9)" என்றால் சித்திரகாரப்புலி, முதலாம் மகேந்திரவர்மனின் பட்டம். சி, த், தி, ர, கா, ர, ப், பு, லி என்று ஒன்பது கட்டம் சரியாக நிரம்பும்.

குழப்பம் தருவது "கொண்டான்" குடும்பம். கங்கைகொண்டான் என்றால் முதலாம் ராஜேந்திரன், வாதாபிகொண்டான் என்றால் முதலாம் நரசிம்மவர்மன், மதுரைகொண்டான் என்றால் முதலாம் பராந்தகன். மூன்றுக்கும் 7 கட்டம், மூன்றிலும் கடைசி நான்கு ஒன்றே. "கொண்டான்" என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம், முதல் மூன்றுக்குத்தான் குறிப்பில் பல்லவனா சோழனா என்று பார்க்க வேண்டும். கடாரம்கொண்டான் என்றால் 8 ஆகிவிடும், அதில் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, ராஜராஜன் என்று எழுதினால் 5, இராசராசன் என்று எழுதினால் 6. அதே புதிரில் வேறு இடத்தில் கிரந்த எழுத்து வந்திருக்கிறதா என்று பாருங்கள், அதை வைத்துப் புதிர் போட்டவரின் பழக்கம் தெரிந்துவிடும்.

பழைய புதிர்ப் புத்தகங்களில் "நம் ராணி" என்று வருகிறது. இப்போது?

இரண்டாம் எலிசபெத் 2022 செப்டம்பர் 8 அன்று மறைந்தார். அதற்கு முன் அச்சான புத்தகத்தில் "ராணி" என்றால் தயங்காமல் இ.ஆர். போடலாம். இப்போதைய புதிரில் "மறைந்த ராணி", "முன்னாள் ராணி" என்று ஒரு அடைமொழி சேர்ந்து வரும். மூன்றாம் சார்லஸ் இருப்பதால் சி.ஆர். வந்தாலும் ஆச்சரியம் இல்லை.

விடையை இணையத்தில் தேடிப் பார்ப்பது தப்பா?

போட்டி இல்லை என்றால் தப்பே இல்லை. ஆனால் குறிப்பை அப்படியே தட்டி விடையை எடுத்தால் அந்த ஒரு கட்டம் மட்டும்தான் நிரம்பும். அரசர் பெயரைத் தேடி, அவர் அவையில் யார் இருந்தார் என்று பார்த்து, ஒரு படத்தையாவது பெரிதாக்கி ஒரு நிமிடம் பாருங்கள். அடுத்த முறை அந்தப் பெயர் தானாக வரும்.

பயிற்சிக்கு ஒன்றிரண்டு குறிப்புகள் தர முடியுமா?

மேலே உடைத்துக் காட்டாத மூன்று தருகிறேன், எல்லாம் ஆங்கில எழுத்தில்.

ஒரு சின்னப் பறவையும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் சேர்ந்து ஐந்தாம் சார்லஸைக் குதிரைமேல் வரைந்தார்கள் (6).

பிரெஞ்சுக் கசாப்புக்காரர் பதினைந்தாம் லூயியின் ஓவியர் (7).

மெஜந்தாவை வடக்கோடு கலைத்துப் போட்டால் மாந்துவாவின் அவை ஓவியர் (8).

முதலாவது டிஷியன்: பறவை டிட், ஸ்காட்லாந்துக்காரர் இயன். குதிரைமேல் சார்லஸ், 1548இல் வரைந்த மூல்பெர்க் படம். செம்பட்டை முடிக்கும் இதே பெயர் உண்டு, அதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது பூஷே, பிரெஞ்சில் கசாப்புக்காரர் என்றே பொருள். மூன்றாவது மான்டேன்யா: மெஜந்தாவின் ஏழு எழுத்தோடு வடக்குக்கு என் சேர்த்துக் கலைத்தால் எட்டும் சரியாக வரும். 1460 முதல் இத்தாலியின் மாந்துவாவில், அதை ஆண்ட கொன்சாகா குடும்பத்துக்கு வேலை செய்தவர், அங்கே 1474இல் முடித்த அறையின் கூரை நடுவில் வட்டமாக வானம் திறந்திருக்கிற மாதிரி தீட்டி, அதன் விளிம்பிலிருந்து ஆட்கள் குனிந்து கீழே பார்க்கிற மாதிரி வரைந்திருப்பார். "கூரையில் எட்டிப் பார்ப்பவர்கள்" என்று குறிப்பு வந்தாலும் அவர்தான்.